குளிர் குறைந்தது ஏன்?

நுழையும்முன்

மகிழுந்தில் குளிர் குறைந்தவுடன் ‘கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்’ என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பெட்ரோல் தீர்வதுபோல் குளிரூட்டும் வாயுவும் தீருமா? தீராதெனில் அது எங்கே போகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரிந்தவர் தம் பொருளைக் காத்துக்கொள்வார், வானத்தையும் காப்பார். எந்திரத்தின் இயல்பறிந்து அதன் குறையை முறையாகக் கண்டறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

பானையும் பனிக்கட்டியும்

குளிரை உண்டாக்கும் அறிவு நமக்குப் புதியதன்று. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. வாயிலில் தொங்கவிட்டு நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் இவ்வகையிலேயே காற்றைக் குளிர்வித்தது. நீர்மம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவரும் என்னும் இந்த ஓர் உண்மையே இன்றைய குளிர்சாதனங்கள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை.

எந்திரத்தால் குளிரை உண்டாக்கும் முறை பரவாத காலத்தில், பனிக்கட்டி கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டியை ஏற்றுமதி செய்த பிரெடரிக் டியூடர் என்னும் வணிகரின் நிறுவனம், அதனைச் சேமித்து வைக்க 1842ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுப்பியது. ‘ஐஸ் ஹவுஸ்’ என வழங்கிய அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். கடல் கடந்து வந்த குளிர், இன்று ஒரு பொத்தானை அழுத்தியவுடன் நம் முகத்தில் வீசுகிறது.

ஒரு சுழற்சி, நான்கு உறுப்புகள்

பானையில் ஆவியான நீர் காற்றோடு கலந்து போய்விடுகிறது. மகிழுந்தின் குளிர்சாதனத்தில் ஆவியான பொருள் வெளியே போவதில்லை. மீண்டும் நீர்மமாகி மீண்டும் ஆவியாகி, மூடிய குழாய்களுக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கிறது. அப்பொருளுக்குக் குளிர்பொருள் என்று பெயர். பணிமனைகளில் ‘கேஸ்’ என்பது இதனையே. நம் சாலைகளில் ஓடும் மகிழுந்துகளில் பெரும்பாலும் பயன்படுவது ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் இது சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசில் கொதிக்கும். அதாவது, அவ்வளவு குளிரிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும்.

இச்சுழற்சிக்கு நான்கு உறுப்புகள் இன்றியமையாதவை. எஞ்சினின் ஆற்றலால் இயங்கும் அமுக்கி, அதாவது கம்ப்ரசர், ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. வண்டியின் முகப்பில் இருக்கும் செறிகலன், அதாவது கண்டென்சர், அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு ஆவியை நீர்மமாக்குகிறது. விரிவு வால்வு அந்நீர்மத்தைச் சிறுதுளை வழியே செலுத்தி அழுத்தத்தைத் திடீரெனக் குறைக்கிறது. முகப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆவியாக்கியில், அதாவது கூலிங் காயிலில், அது கொதித்து ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. ஆவி மீண்டும் அமுக்கியை அடைகிறது. இடையில் ஓர் உலர்த்தி, ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஆகவே குளிர்சாதனம் குளிரைப் படைப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இதனை மனத்திற்கொண்டால் குறை கண்டறிதல் பாதி முடிந்ததாகும். வெப்பத்தை அள்ளும் இடத்தில் தடையா, சுமந்து செல்லும் வழியில் தடையா, கொட்டும் இடத்தில் தடையா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

‘கேஸ்’ தீருமா?

பெட்ரோல் எரிந்து தீர்கிறது. குளிர்பொருள் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. அது குறைந்திருந்தால், எங்கோ கசிந்திருக்கிறது என்பதே பொருள். ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் இணைப்பு வளையங்களின் வழியாகவும் பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால் கோடைதோறும் நிரப்ப வேண்டியிருக்கிறது எனில், அது இயல்பான கசிவன்று, பழுது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுபோல ஆண்டுதோறும் நிரப்புவோர் பலர். ஓட்டையை அடைப்பதற்கு ஒருமுறை ஆகும் செலவு, நிரப்புவதற்குப் பலமுறை ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

கடலோரத்தின் தனித்தன்மை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைக் கடந்து தெற்கே சென்றால் வரும் ஊர் கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டையின் சிதைந்த சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கும் இப்பகுதி, இடைக்கழிநாடு எனப்படும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் இந்நாட்டினர். கடலும் கழியும் உப்பளமும் சூழ்ந்த நெய்தல் நிலம் இது. நெய்தலின் காற்று வாகனத்தின் குளிர்சாதனத்தை இருவழிகளில் சோதிக்கிறது.

முதலாவது, உப்பு. அலைகளிலிருந்து எழும் நுண்துளிகள் உப்பைச் சுமந்து வருகின்றன. செறிகலன் மெல்லிய அலுமினியத் தகடுகளாலும் குழாய்களாலும் ஆனது. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் அதனைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் அப்படலத்தை ஆங்காங்கே துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்குகின்றன. நாளடைவில் அக்குழி குழாயின் சுவரைத் தாண்டிவிட்டால் கசிவு தொடங்குகிறது.

இரண்டாவது, ஈரம். கடலோரக் காற்றில் நீராவி மிகுதி. ஆவியாக்கியின் குளிர்ந்த பரப்பில் அது நீராகப் படியும்போது, தன் உள்ளுறை வெப்பத்தை அதனிடம் விட்டுவிடுகிறது. எனவே, குளிர்சாதனத்தின் உழைப்பில் ஒரு பகுதி காற்றைக் குளிர்விப்பதற்கும், மற்றொரு பகுதி ஈரத்தைப் பிழிவதற்கும் செலவாகிறது. ஒரே வண்டி, ஒரே வெப்பநிலையில், வறண்ட உள்நாட்டு ஊரில் தரும் குளிரைக் கடலோரத்தில் தராமல் போகலாம். அதனைப் பழுது எனக் கருதலாகாது. நிறுத்திய வண்டியின் அடியில் சொட்டும் தெளிந்த நீரும் பழுதன்று. அது பிழியப்பட்ட ஈரமே.

வீட்டிலேயே கண்டறிதல்

கருவிகள் ஏதுமின்றிக் கண்ணாலும் காதாலும் கையாலும் அறியத்தக்கவை பல. அவற்றை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் முறையில் ஆராய வேண்டும்.

முதலில் காற்றின் வேகத்தைப் பார்க்க வேண்டும். காற்றே மெல்ல வருகிறது எனில், குளிர்பொருளைக் குறை கூறுவதில் பயனில்லை. காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். பல வண்டிகளில் இது முன்னிருக்கையின் எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டிலேயே கழற்றி மாற்றத்தக்கது.

அடுத்து, குளிர் எப்போது குறைகிறது எனக் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, நிறுத்தத்தில் நிற்கும்போது மட்டும் குறைந்தால், வெப்பத்தைக் கொட்டும் இடத்தில் தடை உள்ளது. செறிகலனின் விசிறி சுழலாமல் இருக்கலாம். அல்லது தகடுகளுக்கிடையே மண்ணும் உப்பும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, அது ஆறிய பின்னர், மிகுந்த அழுத்தமில்லாத நன்னீரால் செறிகலனைக் கழுவுதல் நலம். கடலோர வண்டிகளுக்கு இது மாதம் ஒருமுறை செய்யத்தக்க பணி. தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, நேரம் செல்லச் செல்லக் காற்றின் வேகமே குறைந்துவந்தால், ஆவியாக்கியின் மேல் பனி உறைகிறது என ஊகிக்கலாம்.

மூன்றாவது, அமுக்கி இயங்குகிறதா எனக் கேட்க வேண்டும். பல வண்டிகளில் குளிர்சாதனப் பொத்தானை அழுத்தியவுடன் ‘டக்’ என்னும் ஒலியோடு அமுக்கியின் பிணைப்பான் இணையும். அவ்வொலி இல்லையெனில் உருகி, மின்தொடர் இணைப்பு, பட்டை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். குளிர்பொருள் மிகவும் குறைந்துபோனாலும், அழுத்தமறியும் பொத்தான் அமுக்கியை இயங்கவிடாது. சிலர் அப்பொத்தானைக் கம்பியால் இணைத்து அமுக்கியை வலிந்து இயக்குவர். அது பெருந்தவறு. அமுக்கிக்கு வேண்டிய எண்ணெய், குளிர்பொருளோடு கலந்தே சுழல்கிறது. குளிர்பொருள் இல்லாத அமுக்கி எண்ணெயும் இல்லாமல் உராய்ந்து அழியும்.

நான்காவது, எண்ணெய்க் கறையைத் தேட வேண்டும். கசியும் குளிர்பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதனோடு வெளிவரும் எண்ணெயில் தூசி ஒட்டிக் கருங்கறையாகப் படிந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஐயத்துக்குரிய இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். மிக நுண்ணிய கசிவுகள் இதற்கு அகப்படாமல் போகலாம். அவற்றைப் பணிமனையில் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தாலோ, மின்னணு முகர்வானாலோ காண்பர்.

அளவிகள் கூறும் செய்தி

இவற்றுக்குப் பின்னரே அழுத்த அளவிகள் தேவைப்படுகின்றன. குளிர்சாதனத்தில் தாழழுத்தப் பக்கம், உயரழுத்தப் பக்கம் என இரு பகுதிகள் உண்டு. மிதமான கோடை நாளில், இயங்கும் நிலையில், தாழழுத்தம் ஏறக்குறைய 25 முதல் 45 பிஎஸ்ஐ வரையும், உயரழுத்தம் ஏறக்குறைய 200 முதல் 250 பிஎஸ்ஐ வரையும் இருக்கும். வெளிவெப்பம் கூடினால் இவையும் கூடும். இரண்டும் இயல்பைவிடக் குறைந்தால், குளிர்பொருள் குறைவு எனலாம். இரண்டும் கூடினால், அளவுக்கு மீறி நிரப்பப்பட்டது அல்லது செறிகலனுக்குக் காற்றில்லை எனலாம். தாழ்வானது உயர்ந்தும் உயர்வானது தாழ்ந்தும் ஒன்றையொன்று நெருங்கினால் அமுக்கி வலுவிழந்தது என்றும், தாழழுத்தம் வெற்றிடத்தை நோக்கி இறங்கினால் விரிவு வால்வில் அடைப்பு என்றும் ஐயுறலாம்.

இங்கு ஓர் அறிவியல் நுட்பத்தை உணர்தல் வேண்டும். எந்திரம் ஓயும்போது உள்ள அழுத்தத்தைக் கொண்டு குளிர்பொருளின் அளவை அறிய முடியாது. சமையல் எரிவாயு உருளையை நினைத்துப் பாருங்கள். உருளை நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும், உள்ளே ஒரு துளி நீர்மம் எஞ்சியிருக்கும் வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. அதனால்தான் அதனை எடைபோட்டு வாங்குகிறோம். குளிர்பொருளும் அவ்வாறே. 30 பாகை வெப்பத்தில் ஓய்ந்திருக்கும் ஆர்-134ஏ ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் நீர்மம் எஞ்சியிருந்தால் அதுவே. எனவே, அளவியின் முள்ளைப் பார்த்து நிரப்புவது ஊகம். எடையைப் பார்த்து நிரப்புவதே அளவு.

> தெரிந்து தெளிவோம்
>
> வண்டிக்கு வேண்டிய குளிர்பொருளின் வகையும் எடையும் முன்மூடியின் உட்புறத்திலோ அதன் அருகிலோ உள்ள ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய மகிழுந்துகளுக்குப் பொதுவாக அரைக் கிலோவுக்கு உட்பட்ட அளவே போதும். இவ்வளவு சிறிய அளவில் 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும்.

நிரப்பும் முறை

முறையான நிரப்புதல் நான்கு படிகளைக் கொண்டது. முதற்படி, எஞ்சியுள்ள குளிர்பொருளைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்பு எந்திரத்தில் சேகரித்தல். இரண்டாம் படி, கசிவை அடைத்தல். மூன்றாம் படி, வெற்றிடப் பம்பினால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றுதல். அழுத்தம் மிகக் குறையும்போது நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால்தான் வெற்றிடம் ஈரத்தையும் வெளியேற்றுகிறது. இதற்கு அரைமணி நேரமேனும் ஒதுக்க வேண்டும். பம்பை நிறுத்திய பின்னும் வெற்றிடம் நிலைத்து நின்றால், பெருங்கசிவு இல்லை எனத் துணியலாம். எஞ்சும் ஈரம் விரிவு வால்வில் உறைந்து வழியடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். நான்காம் படி, ஒட்டுத்தாளில் உள்ள எடையளவுக்குத் தராசில் வைத்து நிரப்புதல்.

கடைகளில் சிறு கலன்களாகக் குளிர்பொருள் கிடைக்கிறது. எஞ்சின் இயங்க, தாழழுத்த வாயில் வழியாக, கலனை நிமிர்த்திப் பிடித்து ஆவியாகவே செலுத்துவது வீட்டில் நிரப்புவோர் கையாளும் முறை. கலனைக் கவிழ்த்தால் நீர்மம் அமுக்கிக்குள் புகுந்து அதனை உடைத்துவிடக்கூடும். இயங்கும் நிலையில் உயரழுத்த வாயிலில் இணைத்தால், அங்குள்ள அழுத்தம் பாய்ந்து கலனே வெடிக்கலாம். எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது தெரியாமல் மேலும் சேர்ப்பதால், இம்முறையில் சரியான அளவு அமைவது அரிது. ஆகவே, கண்டறிதலை வீட்டில் செய்து, நிரப்புதலைத் தக்க கருவிகள் உள்ள பணிமனையில் செய்வதே அறிவுடைமை.

பணிமனைக்குச் செல்வோர் மூன்று வினாக்களைப் பணிவோடு கேட்கலாம்: கசிவு எங்கே இருந்தது? வெற்றிடம் எவ்வளவு நேரம் வைக்கப்பட்டது? எத்தனை கிராம் நிரப்பப்பட்டது? இம்மூன்றுக்கும் விடை தரும் தொழிலாளர் தம் தொழிலை அறிந்தவர். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் தருவது நம் கடன்.

உயிர்க்காப்பு

வெளிப்படும் குளிர்பொருள் நீர்மம் தோலை நொடியில் உறையச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கவும் கூடும். எனவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய கொட்டகையில் தாழ்ந்து தங்கி மூச்சடைக்கச் செய்யும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுக்களாகச் சிதையும். மின்சார வாகனங்களிலும் கலப்பின வாகனங்களிலும் அமுக்கி உயர்மின்னழுத்தத்தில் இயங்குவதால், செம்மஞ்சள் நிறக் கம்பிகளை எக்காரணம் கொண்டும் தொடலாகாது.

மலிவு என்று பெயர் தெரியாத கலன்களை வாங்குவதும் ஆபத்து. 2011ஆம் ஆண்டில் கப்பல்களில் செல்லும் குளிர்ப்பெட்டகங்கள் சில வெடித்து உயிரிழப்பு நேர்ந்தது. ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலிப் பொருள் நிரப்பப்பட்டதே காரணமென ஆராய்ச்சியில் தெரிந்தது. அப்பொருள் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப்பட்டவுடன் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கும். பழுது பார்க்கத் திறக்கும் தொழிலாளியே முதற்பலி ஆகிறார்.

வானத்தோடு ஓர் உடன்படிக்கை

முற்காலத்துக் குளிர்சாதனங்களில் குளோரோபுளூரோகார்பன் எனும் சேர்மங்கள் பயன்பட்டன. அவை வளிமண்டலத்தின் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எடுத்துரைத்தனர். உலக நாடுகள் 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மான்ட்ரியலில் உடன்பட்டு அவற்றைக் கைவிடத் தொடங்கின. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அவ்வறிவியலாளர் இருவரும் பால் குருட்சனோடு 1995இல் நோபல் பரிசு பெற்றனர். செப்டம்பர் 16 இன்று உலக ஓசோன் நாள்.

அவற்றுக்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்கு அளவுக்குப் புவியை வெப்பமாக்கும். ஒரு மகிழுந்திலிருந்து 400 கிராம் கசிந்தால், 200 லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பாகும். எனவே 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மற்றோர் உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி இந்தியா 2032 முதல் இவ்வகைப் பொருள்களின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க உறுதி ஏற்றுள்ளது. புதிய வண்டிகள் பலவற்றில் வெப்பமாக்கும் தன்மை மிகக் குறைந்த ஆர்-1234ஒய்எப் இடம்பெறத் தொடங்கியுள்ளது. அது ஓரளவு தீப்பற்றக்கூடியது; பழைய பொருளோடு அதனைக் கலத்தல் கூடாது.

கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் அறியப்போவது கடலோர ஊர்களே. ஆகவே, கடப்பாக்கத்தில் ஒரு கசிவை அடைப்பவர் தம் வண்டியை மட்டுமன்றித் தம் கரையையும் காக்கிறார். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து தரவேண்டும் என்பது நம் மருத்துவ மரபு. எந்திரத்துக்கும் அந்த முறையே பொருந்தும். குளிர் குறைந்தால் ‘நிரப்பு’ என்று சொல்வதற்கு முன் ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்கப் பழகுவோம்.

கலைச்சொல் அறிவோம்

குளிர்பொருள் – ரெப்ரிஜரன்ட்
அமுக்கி – கம்ப்ரசர்
செறிகலன் – கண்டென்சர்
விரிவு வால்வு – எக்ஸ்பான்ஷன் வால்வு
ஆவியாக்கி – எவாப்பரேட்டர்
உலர்த்தி – டிரையர்

கற்பவை கற்றபின்…

1. மண்பானையில் நீர் குளிர்வதையும் மகிழுந்தில் காற்று குளிர்வதையும் ஒப்பிட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.
2. உங்கள் ஊரிலுள்ள வாகனக் குளிர்சாதனத் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் கசிவைக் கண்டறியும் முறையைக் கேட்டறிந்து உரையாடலாக எழுதுக.
3. ‘நிரப்புவதினும் அடைப்பது நன்று’ என்னும் தலைப்பில் வகுப்பில் மூன்று நிமிடம் பேசுக.
4. பணிமனைகளில் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொற்களை அமைக்க.